வியாகுல மாதாவின் டோப்பா

என் முடியைப் பார்த்து யாராவது "இன்னா எண்ணெய் தேய்க்கிற?" என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸில் பின்சீட்டுக்காரி பின்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்க யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழுவேன். கட்டிக்கொண்டவருக்கே இதன் காரணம் பாதிதான் தெரியும். முழுசாக ஒரு தடவை எழுதிவிட்டால் அதோடு தீர்ந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தீருமா என்று தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசி. ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் சந்து. ஒற்றை ரூம் வீடு. நைனாவுக்கு ஹார்பரில் கிரேன் கொக்கி மாட்டுகிற வேலை. அம்மாவுக்கு சமையல் நேரம் போக மீதி நேரமெல்லாம் மாதா சபைதான். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிறகு ரொம்ப நாள் கழித்துப் பிறந்த தங்கச்சியை எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டோம், எட்டு வயதிலும் அவள் பாப்பாதான்.

எனக்கு முடி இடுப்பைத் தாண்டித் தொங்கும். சந்துப் பம்பில் வரும் உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்து நுனி மட்டும் செம்பட்டை. பாப்பா அந்த நுனியைக் கையில் பிடிக்காமல் தூங்க மாட்டாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பாள், தூங்கிப் போனதும் விரல் நின்றுவிடும். நான் திரும்பிப் படுத்தால் சுருக்கென்று இழுக்கும். "வுடுடி, சனியனே" என்று திட்டுவேன். விட மாட்டாள்.

அவளுக்கு முதலில் காதுக்குப் பின்னால் நாலணா அளவுக்கு ஒரு வட்டம் விழுந்தது. வழவழவென்று, முடி முளைத்த அடையாளமே இல்லாமல். பிறகு உச்சியில் ஒன்று. பிறகு வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. மழைக்காலம் முடிவதற்குள் தலை முழுக்க போய், புருவமும் போய்விட்டது. புழுவெட்டு என்றார்கள். தலையில் புழு பூந்து வேரைக் கடிக்கிறது என்று சந்தில் இருந்த ஒவ்வொருத்தியும் ஏதோ தானே அந்தப் புழுவைப் பார்த்த மாதிரி சொன்னாள்.

புழுவைக் கொல்ல ஆளாளுக்கு ஒரு வைத்தியம். சின்ன வெங்காயத்தை உப்போடு நசுக்கித் தேய்க்கச் சொன்னாள் ஒருத்தி. அம்மா பாப்பாவை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி உட்காரவைத்து, தோல் சிவந்து நீர் கசிகிற வரைக்கும் தேய்த்தாள். பாப்பா கத்துகிற சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்கும். "எரியட்டும்டி, எரிஞ்சாத்தான் புயு சாவும்" என்பாள் அம்மா. குண்டுமணிப் பருப்பை அரைத்துப் பூசினால் ஒரே வாரத்தில் முளைக்கும் என்று இன்னொருத்தி வந்தாள். அது தலை முழுக்க கொப்புளம் போட்டது. கொப்புளம் உடைந்து தலையணை ஒட்டிக்கொண்டு, காலையில் தண்ணீர் தெளித்துத்தான் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. முடி முளைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு பல்பு என்று பேர் வைத்தார்கள். புழுவெட்டு ஒட்டிக்கொள்ளும் என்று பெற்றவர்கள் போய்ச் சொன்னதில் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். அவளுக்காகவே பிள்ளைகள் ஒரு ஆட்டமும் கண்டுபிடித்தார்கள். ஒருத்தன் அவள் தலையில் கட்டியிருக்கிற ஸ்கார்ஃபைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும், மற்றவர்கள் கை மாற்றி வாங்க வேண்டும், பாப்பா துரத்த வேண்டும். அவள் யாரைத் தொடுகிறாளோ அவர்கள் தலையில் புழு ஏறிவிட்டதாக அர்த்தம், அவுட். ஒரு நாள் அவள் வேர்த்து விறுவிறுத்து வந்து, "அக்கா, இன்னிக்கு நானே எல்லாரயும் அவுட் பண்ணிட்டேன்!" என்று சொன்னாள். ரொம்ப சந்தோஷமாகச் சொன்னாள். அந்த ஆட்டத்தை விட்டால் அவளோடு விளையாட ஒரு நாதியும் கிடையாது, அதனால் அதை நன்றாக விளையாடக் கற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தையே கொளுத்த வேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் நைனா பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போகச் சொன்னார். நான், அம்மா, பாப்பா மூன்று பேரும் போனோம். தோல் டாக்டர் கொப்புளத் தழும்பைப் பார்த்து அம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு, "முடி வரலாம், வராமலும் போகலாம். யாராலயும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் குழந்தைக்கு ஒரு விக் கட்டிப் போடுங்க. அசல் முடியில கட்டினா நல்லாருக்கும்" என்றார். கட்டு மாற்றிக்கொண்டிருந்த ஆயா என் பின்னலைத் தூக்கிப் பார்த்து, "அசல் முடிக்கு எங்க போறது? தோ, அக்காகாரி தலையில ரெண்டு பேருக்கு கீதே" என்றாள்.

பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்கு வேறு ஒரு அவசரம் இருந்தது. அந்த வருஷம் மே மாதம் அவளுக்குப் புது நன்மை. பூசையில் சாமியார் கொடுக்கிற திவ்விய நன்மை அப்பத்தை முதல் முதலாக நாக்கில் வாங்குகிற நாள். வெள்ளை கவுன், வெள்ளை முக்காடு, அதன் மேல் காகிதப்பூக் கிரீடம், கையில் மெழுகுவர்த்தி. எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் வருகிற ஒரே கல்யாணம் அது. பாப்பா ஞானோபதேச வகுப்பில் மந்திரமெல்லாம் தண்ணி பட்ட பாடாகச் சொல்வாள். ஆனால் சபைத் தலைவி டீச்சரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டாள். ரிட்டையர் ஆன டீச்சர், எங்கள் சந்துக் கடைசியில் மாடி வீடு. "மொட்டத் தலையில கிரீடம் நிக்காதும்மா. குரூப் போட்டோல ஒண்ணு மட்டும் பார்க்க ஒரு மாதிரியா இருக்கும். முடி கிடி வந்தப்புறம் அடுத்த வருசம் குடுத்துக்கலாமே" என்றாள். பாப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் என் பின்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, உன் முடியக் குடேன். புது நன்மைக்கு மட்டும் வெச்சுகினு திருப்பிக் குடுத்துர்றேன்."

நான் பெரிய தியாகி ஒன்றும் கிடையாது. என்னிடம் இருந்த ஒரே அழகு அதுதான் என்று எனக்குத் தெரியும். கறுத்த, ஒடிசலான, பல் தூக்கிய பெண்ணை யாராவது ரெண்டு தரம் பார்த்தார்கள் என்றால் அது பின்னால் இருந்துதான். அன்றைக்குக் குளிக்கிற தட்டிக்குள் போய் நன்றாக அழுதேன். வெளியே வந்து "எடுத்துக்கோடி" என்றேன். அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகத்தை வைத்து அழுத்தினாள். மூச்சு முட்டியது.

டோல்கேட்டுக்குப் பின்னால், தண்டையார்பேட்டைக் குடோன் சந்து ஒன்றில் டோப்பா கட்டுகிறவர் ஒருத்தர் இருந்தார். விக்கை எங்கள் ஏரியாவில் டோப்பா என்றுதான் சொல்வோம். நாடகக்காரர்களுக்கும் சினிமாவில் கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கும் கட்டுவார், கோயில் சுரூபங்களுக்கும் அவர்தான். எங்கள் பக்கத்துக் கோயில்களில் மரச் சுரூபங்களுக்கு அசல் முடியில் டோப்பா சாத்துவது வழக்கம். பெரிய வெள்ளிக்கிழமை பவனியில் பாடுபட்ட ஆண்டவருக்கும் வியாகுல மாதாவுக்கும் மனுஷ முடிதான் தோளில் புரளும். "ஆண்டவருக்கும் நாந்தான் கட்றேன், ஆட்டக்காரிக்கும் நாந்தான் கட்றேன். முடிக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்தார் அவர்.

அவர் வீட்டம்மாதான் என் முடியை வெட்டினாள். நாலு பின்னலாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் கீழும் ரப்பர் பேண்டு இறுக்கி, கழுத்தோரம் கத்திரிக்கோலை வைத்தாள். வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் கலந்துவிட்டால் டோப்பா சிக்கு விழுந்துவிடுமாம். நறுக்நறுக்கென்று சத்தம் காதுக்குள் கேட்டது. அவர் ஒரு சணல் கயிற்றைப் பாப்பா தலையைச் சுற்றி வைத்து அளவெடுத்தார். ஒவ்வொரு அளவுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டார். கூச்சத்தில் பாப்பா நெளிந்து நெளிந்து சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

கூட வந்திருந்த அம்மா இதையெல்லாம் பார்க்கவே இல்லை. சுவரில் ஆணியில் ஒரு பழைய டோப்பா தொங்கியது. எங்கள் கோயில் வியாகுல மாதாவுடையது, ரிப்பேருக்கு வந்திருந்தது. அம்மா அதைக் கையில் எடுத்ததும் கற்றையாகக் கொட்டியது. "பூச்சி அரிச்சுட்ச்சு. இனிமே வேலைக்கு ஆவாது. உங்க சபையில புச்சா முடி வாங்கியாரச் சொல்லு" என்றார் அவர். அம்மா கொட்டிய முடியைக் கீழே விடாமல் பொறுக்கி, கண்ணில் ஒற்றி, உதட்டில் வைத்து முத்தி செய்தாள்.

கழுத்தளவு முடியோடு நான் சந்துக்குள் நுழைந்த அன்றே கதை கட்டிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வயசுப் பெண்ணின் முடி திடீரென்று குறைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எவனோடோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்பன் வெட்டிவிட்டான். பம்படியில் ஒருத்தி, "இன்னாம்மே, மேட்டரு வூட்டுக்குத் தெரிஞ்சு பூட்ச்சா? பையன் யாரு, நம்ம பேட்டையா?" என்று கேட்டுக் கண்ணடித்தாள். தங்கச்சிக்குக் குடுத்தேன் என்றேன். "ஆங், எல்லாரும் அப்டிதான் சொல்றாளுங்க" என்றாள். என் சிநேகிதியின் அம்மா அவளை என்னோடு பேச வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். நைனா ரெண்டு பேரோடு கைகலப்புக்குப் போய்ச் சட்டை கிழிந்து வந்தார். நான் எதற்கும் அழவில்லை. பாப்பா துண்டைத் தலையில் கட்டி, நுனியைத் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு, கழுத்தை இப்படி ஒரு வெட்டு வெட்டிப் பின்னால் தள்ளிப் பழகிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தால் எனக்குப் போதுமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, தபசு காலம், தொடங்கியது. "டோப்பா ரெடியாம்மா?" என்று பாப்பா தினமும் கேட்பாள். "இன்னும் கட்டிகினுதான் கீறாராம்" என்பாள் அம்மா. ஒரு ஒரு முடியாக வலையில் முடிச்சுப் போடுகிற வேலை, நாளாகும் என்று எனக்கும் தெரியும். நான் போய்ப் பார்த்து வரட்டுமா என்றால், "நீ வயசுப் பொண்ணு, ஒண்ணியும் போக வேணாம்" என்று தடுத்துவிடுவாள். அந்த நாற்பது நாளும் அம்மா ஒரு வேளைதான் சாப்பிட்டாள். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. நோன்பு இருக்கிறதால் என்று நினைத்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் பவனிக்கு சுரூபங்களை இறக்கி வைத்திருந்தார்கள். இறந்த ஆண்டவரைக் கிடத்திய பெட்டி முன்னால், பின்னால் சப்பரத்தில் வியாகுல மாதா. கறுப்பு வெல்வெட்டுப் போர்வை, நெஞ்சில் குத்திய வாள். போர்வைக்குக் கீழே புது டோப்பா இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. பொம்பளைகள் வரிசையாகப் போய்ப் பாதத்தைத் தொட்டு முத்தி செய்தார்கள். "இன்னா அயகு பாரு முடி, மெய்யாலுமே உசுரு வந்த மாரி கீது" என்று எனக்கு முன்னால் நின்றவள் உருகினாள். அம்மா சபைக்காரிகளோடு நீல நாடா போட்டுக்கொண்டு சப்பரத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

பாப்பாவுக்கு எட்டவில்லை. நான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். அவள் பாதத்தைத் தொடவில்லை. பக்கத்தில் தொங்கிய முடியின் நுனியை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள்.

"அக்கா," என்றாள். "உன் முடி."

நான் பார்த்தேன். நுனி செம்பட்டை. என் உடம்பிலிருந்து போனது எனக்குத் தெரியாதா? திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஜெபமாலையை வேகமாக உருட்டினாள்.

அதற்குள் பாப்பா இரண்டு கையாலும் முடியைப் பற்றி இழுத்துவிட்டாள். டோப்பா போர்வையோடு கழன்று அவள் கையில் வந்தது. மாதாவின் நெற்றி வரைக்கும்தான் பெயிண்ட். அதற்கு மேல் வெறும் மரம், உச்சியில் ஒரு துருப்பிடித்த ஆணி, பழைய கோந்துக் கறை. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். பாப்பா என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, ஸ்கார்ஃபைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அத்தனை பேர் நடுவிலும் டோப்பாவைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் தலைக்குக் கட்டியது, வேறு எப்படி உட்காரும்? கழுத்தை ஒரு வெட்டு வெட்டி முடியைப் பின்னால் தள்ளினாள். நான் பார்த்தேன். என் தங்கச்சியை முடியோடு பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக இருந்தாள்.

அம்மா பாய்ந்து வந்து அறைந்தாள். ஒரு அறை டோப்பா விழுவதற்கு, அடுத்த அறை எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. பாப்பா தரையில் விழுந்தாள். "மாதாவாண்ட கை வெச்சிட்டியேடி பாவி! குடும்பமே வெளங்காது!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் பிள்ளையைத் தூக்கவில்லை. டீச்சரம்மா டோப்பாவை எடுத்து உதறி, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் பிடித்துக்கொண்டு, "புழுவெட்டுத் தலையில பட்டுடுச்சே, தீர்த்தம் கொண்டாங்க" என்றாள். தீர்த்தம் தெளித்து, துடைத்து, மறுபடி ஆணியில் மாட்டினார்கள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. பவனி கிளம்பிப் போனது. நான் பாப்பாவின் ஸ்கார்ஃபைத் தேடி, அழுக்கை உதறி, தலையில் கட்டிவிட்டேன். மண்ணில் தேய்ந்து தலையில் ஒரு பக்கம் ரத்தம் கசிந்தது.

வீட்டில் நைனா அம்மாவைக் கேட்டார். அம்மா கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள். "டோப்பாவப் போட்டு வுட்டா மாதா இன்னா நெனிப்பா? இவளுக்குத்தான் முடி வந்துட்ச்சேன்னு கைய வுட்டுடுவா. அவளுக்கு முடியக் குடுத்தா நம்மளுக்கு முடியக் குடுப்பா. நான் நேந்துகினேன். எம் பொண்ணுக்குப் பொய் முடி வேணாம், சொந்த முடி வேணும்."

"அது மரம்மே! இது நீ பெத்த புள்ள!" என்று நைனா கத்தினார். கஞ்சித் தட்டை எட்டி உதைத்தார். உதைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவர் எப்போதும் அவ்வளவுதான். ஒரு கத்தல், ஒரு உதை, அப்புறம் பிராந்திக் கடை.

அம்மா கெட்டவள் என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம். அவள் பாப்பாவுக்காக உண்மையாகவே பட்டினி கிடந்தாள். நினைத்தால் அதுதான் வயிற்றெரிச்சல். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் என்றைக்காவது ஒரு நாள் பச்சாதாபப்பட்டிருப்பாள்.

ஈஸ்டர் முடிந்ததும் நான் டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். டோப்பாவைத் திருப்பிக் கேட்டேன். புது நன்மை வரைக்குமாவது கொடுங்கள், பெரிய வெள்ளிக்கிழமை அடுத்த வருஷம்தானே என்றேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. "மாதாவுக்கு சாத்தினத மனுஷத் தலைக்கு வைக்கறதா? உங்கம்மா மனசார குடுத்தாங்க, நீ குறுக்க வராத. முடிதானே, உனக்குத் திரும்ப வளரும்" என்றாள். என் முடி வளரும், பாப்பாவுக்கு? "அதுக்குத்தான் உங்கம்மா குடுத்திருக்காங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். டோப்பா கட்டுகிறவரிடம் போனேன். முடி கொண்டு வா, கட்டித் தருகிறேன் என்றார். என் கழுத்தைப் பார்த்துவிட்டு அவரே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மே மாதம் வந்தது. அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போட அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. புது நன்மை அன்றைக்குத்தான் முடி வரப்போகிறது என்று அவளுக்கு உறுதி. முதல் முறை ஆண்டவர் நாக்கில் இறங்குகிற அந்த நிமிஷம் பிள்ளை எதைக் கேட்டாலும் அவரால் மறுக்க முடியாது என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புவார்கள். அம்மாவுக்கு அதில் சொந்த அனுபவமே உண்டு. தன் புது நன்மையில் அவள் தன் அப்பா குடியை விட வேண்டும் என்று கேட்டாளாம். அடுத்த மாதமே அவர் ரத்தம் கக்கிச் செத்துப்போனார், குடியும் நின்றது. "கேட்டேன், நிறுத்திக் குடுத்தாரு" என்பாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அப்படியேதான் நம்பினாள்.

ஆனால் நன்மை வாங்குவதற்கு முந்தின நாள், செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். சாமியாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். "மாதா முடியத் திருடுனேன் சாமின்னு சொல்லு. எங்க, சொல்லு." பாப்பா திருப்பிச் சொன்னாள். "இன்னொரு தபா." இன்னொரு தபாவும் சொன்னாள். பிறகு என்னிடம் வந்து, "அது உன் முடிதானக்கா? அப்போ நீதான என்னிய மன்னிக்கணும்?" என்று கேட்டாள். அவள் போய் முழங்காலில் நின்று, சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்லிவிட்டு வந்தாள். ஐந்து தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லும்படி சாமியார் தண்டனை கொடுத்தாராம்.

புது நன்மை அன்று காலையில் அம்மா அவளுக்கு வெள்ளை ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டி, மேலே முக்காடு போட்டு, கிரீடத்தை வைத்தாள். பின் குத்த முடி இல்லை. கிரீடம் வழுக்கிக் காது வரைக்கும் இறங்கியது. மற்ற பிள்ளைகளெல்லாம் சுருள் சுருளாக முடியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்கள். டீச்சரம்மா பாப்பாவை வரிசையில் கடைசிக்கு அனுப்பினாள், போட்டோவிலும் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஒரு கையில் மெழுகுவர்த்தி, மறு கையால் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு பாப்பா பீடத்துக்கு நடந்தாள். பின்னால் இருந்து எவனோ ஒரு பொடியன் "பல்பு எரியுது டோய்" என்றான். யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை.

நன்மை வாங்கிக்கொண்டு வந்து முழங்காலில் நின்றாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் கேட்டாள். அம்மா பெஞ்சில் இருந்து அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டாள். "எம் புள்ள எப்டி கேக்குது பாரு" என்று என் கையை அழுத்தினாள்.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் பிள்ளைகளுக்குப் பன்னும் டீயும் கொடுத்தார்கள். அம்மா பாப்பாவுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியாடி கண்ணு?"

"கேட்டேம்மா."

"கரீட்டா நாக்குல வெச்ச ஒடனே கேட்டியா?"

"ஒடனே கேட்டேன்."

"முடிதான கேட்ட?"

"ஆங். உன் முடி பூரா கொட்டிப் பூடணும்னு கேட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஞானோபதேச வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்வது போல, நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். பன்னை ஒரு கடி கடித்தாள். நான் அம்மாவின் கையைத்தான் பார்த்தேன், இப்போது அறையப் போகிறாள் என்று. அந்தக் கை மேலே எழும்பியது. பிறகு மெதுவாகத் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தது.

மறுநாள் காலையில் அம்மா ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரினாள். ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்தி, சீப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பாப்பா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டீயில் பொறையைத் தொட்டுத் தின்றுகொண்டே, அவளையும் சீப்பையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.